உத்திரத்தில் நட்சத்திரம் இல்லை

புதுமனை புகுவிழா ஒன்றில் ஒரு புலவர், உத்திர நாளில் ஏற்றிய மரம் என்பதால் உத்திரம் என்று பெயர் வந்ததாகச் சொன்னார். பந்தியே தலையாட்டியது. எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

அவர் கைகாட்டியது நெடுநல்வாடையை. அரண்மனை வாயிலைப் பாடும் நக்கீரர், கதவுக்கு மேலுள்ள மரத்தை நாளின் பெயர் கொண்டது என்று மட்டும் சொல்லிப் போகிறார். அந்த நாள் உத்தரம் என்று அவிழ்ப்பவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அது விடுகதையப்பா, வேர்ச்சொல் அல்ல! மரமும் விண்மீனும் அன்றே ஒரே பெயரில் நின்றன என்பதற்கு மேல் அதில் சான்று கிடையாது.

பூரத்துக்கு உத்திரம், பூராடத்துக்கு உத்திராடம், பூரட்டாதிக்கு உத்திரட்டாதி. மூன்றும் முன்னது பின்னது என்ற இணைகள். கேள்விக்குப் பின் வரும் உத்தரமும் இந்தக் கூட்டம்தான். மரத்துக்கு ஏது முன்பின்? மேலே கிடப்பது அது. வடமொழி உத்தரத்துக்கு மேலது என்பதே முதற்பொருள். மேலே போர்த்தினால் உத்தரீயம். இமயம் ஓங்கிய வடக்கு வடமொழியாருக்கு உத்தரம். நமக்கு மலை நிற்பது மேற்கே, ஆகவே மேல் என்றால் மேற்கு.

சிற்பநூலான மயமதமும் தூண்மேல் கிடத்தும் மரத்தை உத்தரம் என்றே சொல்லி, உயரத்தை வைத்துக் கண்டோத்தரம், பத்திரபந்தம், ரூபோத்தரம் என்று பிரிக்கிறது. நம் பழைய மெத்தை வீட்டிலும் அடுக்கு அதுவே: தூண், போதிகை, உத்திரம், அதன்மேல் நெருக்கக் கட்டைகள், குத்துச் செங்கல், சுண்ணாம்புக் காரை. மலையாளத் தச்சர் கூரையின் கழுக்கோலைத் தாங்க சுவர்த்தலையில் கிடத்தும் மரம் இன்றும் திரியாத உத்தரம். தானே உத்தரத்தைத் தாங்குவதாக நினைக்கும் பல்லி அவர்கள் பழமொழியில் உண்டு. பந்தியில் அந்தப் பல்லிதான் என் நினைவுக்கு வந்தது. நம் நாவில் அது உத்திரமானது சூத்திரம், பத்திரம், சித்திரத்தோடு பழகிய தோஷம். ‘உறுதித்திறம்’ தேய்ந்து உத்திரம் ஆனது என்பவர்களுக்காக மை செலவழிப்பதாக இல்லை.

வடசொல் கசந்தால் விட்டம் இருக்கிறதே. சுவருக்குச் சுவர் குறுக்கே கிடப்பது. பழைய கணக்கு நூலான கணக்கதிகாரம் வட்டத்தின் குறுக்களவுக்கும் இதே பெயரை வைத்துத்தான் பரப்புக் கணக்குச் சொல்கிறது. தச்சனிடமிருந்து கணக்கன் வாங்கினானா, கணக்கனிடமிருந்து தச்சனா என்று கேட்கிறார்கள். வட்டம் கீறி அளப்பதற்கு வெகுகாலம் முன்பே மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டியிருந்தது. தச்சன்தான் கொடுத்திருப்பான்.