தானும் யானும்

தென்பெண்ணையாற்றிலே, கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரிலே, ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பது அதன் பெயர். பாரி மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்தார் என்று அவ்வூர்க் கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுக் கூறும். அவர் மாண்ட கதையைக் கும்பிடுவோர் பலர். நாம் அவர் யாத்த பாட்டை ஆராய்வோம்.

குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, ஐந்தே அடி. களவிலே கூடியவன் மணமுடிக்கக் காலந்தாழ்த்துகிறான். அவன் பொய்த்தால் சான்று யார்? மீனை நோக்கி நின்ற குருகு ஒன்றே! கல்வராயன் மலை உழவர் நன்கறிந்த தினையின் தாளே அதன் காலுக்கு உவமை.

'தான்' என்னும் சொல் மும்முறை வருகிறது. கள்வனும் தான், பொய்ப்பவனும் தான், கூடியவனும் தான். 'யான்' என்பதோ ஒரே முறை! இரண்டாம் அடியில் முதற்சீர் 'தான்' என்றும், மூன்றாம் சீர் 'யான்' என்றும் தொடங்கி எதுகையாய் இணைகின்றன. ஓசையிலே இருவரும் சமம்; ஊரிலே சமமா? பழி அவளுக்கு மட்டுமே அன்றோ!

நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராய்க் குறையும். குருகு மீன் பார்ப்பது அந்தக் குறைந்த அடியிலேதான். அவள் பேச்சு தயங்கும் இடமும் அதுவே.

பொய்யும் வழுவும் தோன்றியபின் கரணம் வகுக்கப்பட்டது என்கிறது தொல்காப்பியம். சடங்கு வந்தது, பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு வந்ததா? அவள் சொல்லையே சான்றாக ஏற்கும் சமுதாயத்தில், பறவையைத் தேடும் அவலம் இராது. இளைஞர்களே, அதை அமைப்பது நம் கடன்!