வாங்கித் தரும் வகீல்கள்

நீதிமன்றத்தில் வழக்காடுபவரையே நாம் வக்கீல் என்கிறோம். அரபு மொழியில் இச்சொல்லின் பரப்பு இன்னும் பெரிது. ஒருவருடைய காரியத்தைத் தம் பொறுப்பில் ஏற்று முடிப்பவர் எவராயினும் அவர் வகீலே. பிறர் பணத்தைக் கையிற் கொண்டு பிறருக்காகச் சரக்கு வாங்கியவரும் வகீலே. அவரைப் பற்றியே ஈண்டுக் கூற விழைகின்றோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஒரு தீனாரைத் தந்து ஆடு வாங்கிவரப் பணித்தார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். ஆட்டையும் தீனாரையும் கொணர்ந்து ஒப்படைத்தார். நாயகம் அவர்கள் அவருடைய வணிகத்தில் பரக்கத் உண்டாகப் பிரார்த்தித்தார்கள். புகாரியில் இடம்பெற்ற ஹதீஸ் இது. இதில் வாங்கும் திறன் மட்டுமா தெரிகிறது? மிஞ்சிய தீனார் உரியவரிடமே திரும்பியதன்றோ!

வகீலின் கை அமானிதக் கை என்பர் பிக்ஹு நூலார். அவர் கவனக்குறைவின்றிப் பொருள் அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆயின் தாமே செய்யத்தக்க வேலையை உடையவரின் இசைவின்றி இன்னொருவரிடம் விடுதல் கூடாது. சட்டம் இது. நடைமுறை எவ்வாறு இருந்தது என்பதற்குச் சான்று எகிப்தில் கிடைத்தது. பழைய கெய்ரோவின் யூத ஆலயம் ஒன்றில் குவிந்து கிடந்த ஏடுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிப்பட்டன. எழுத்து எபிரேயம், மொழியோ பெரும்பாலும் அரபு. அவற்றுள் இந்திய வணிகம் பற்றிய கடிதங்களைக் கோய்தீன் என்னும் அறிஞர் பல்லாண்டு உழைத்து ஆராய்ந்தார்.

அக்கடிதங்களில் தலையாய இடம் பெறுபவர் ஆபிரகாம் பின் யிஜு. துனீசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த யூதர். 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூர்ப் பகுதியில் இருந்து, ஏடன் வணிகர்களுக்காக மிளகு, இஞ்சி, ஏலம், இரும்பு ஆகியவற்றை வாங்கி அனுப்பினார். வெண்கலப் பட்டறையும் வைத்திருந்தார். ஏடனிலிருந்து செம்பும் உடைந்த பாத்திரங்களும் வரும். கூடவே கட்டளையும் வரும். எண்கோணத் தண்டு, அதன் தலையில் இரு திரிகளுக்கு இடமுள்ள விளக்கு, அது தண்டில் மேலுங்கீழும் நகர வேண்டும். இவ்வாறு ஒருவர் எழுதியிருக்கிறார். கண்ணாற் காணாத பொருளைக் கடிதத்தைக் கொண்டே கம்மியருக்கு விளக்கிச் செய்வித்தல் எளிய வேலையன்று!

ஏடன் துறைமுகத்தில் வணிகர்களின் வகீலாக விளங்கிய மத்மூன் அங்காடி நிலவரத்தை எழுதி அனுப்புவார். நகரில் இரும்பு தீர்ந்துவிட்டது, வரும் ஆண்டும் நன்கு விலைபோகும் என்பார். அச்செய்தி பருவக்காற்றோடு வந்து, சரக்கும் பருவக்காற்றோடு போகவேண்டும். பின் யிஜுவின் அடிமையாகிய பொம்மா என்பவர் ஏடனுக்குச் சென்று தம் தலைவருக்காக வாங்கி விற்றார். அங்கே அவர் குடித்துச் செலவழித்ததைப் பற்றி மத்மூன் குறைகூறி எழுதியதும் எஞ்சியுள்ளது.

இப்பணிக்குத் தரகுக் கூலி பெரிதும் இல்லை என்பதே நம்மை வியக்க வைப்பது. இவர் அங்கு வாங்கித் தருவார். அவர் இங்கு விற்றுத் தருவார். ஏடனிலிருந்து காகிதம், சர்க்கரை, உலர்திராட்சை ஆகியன அன்பளிப்பாக வரும். நற்பெயரே முதல். ஆதலால் அது குலைவதே பெரு நட்டம்.

அத்தகைய நட்டம் ஏலக்காயால் நேர்ந்தது. ஏடன் வணிகர்களின் பணத்தைப் பின் யிஜு, கார்தார் எனப்பட்ட உள்ளூர் ஆள் ஒருவரிடம் முன்பணமாகத் தந்தார். ஏலம் வரவில்லை. கடிதத்துக்குக் கடிதம் அதே பேச்சு. யூசுப் பின் இப்ராஹீம் என்பவர் ஒரு வழியும் கூறினார்: பணம் தராதவரை ஏடனில் சமூகத்தைவிட்டு விலக்கிவைப்போம் என்று அவரை அச்சுறுத்துக, வேண்டுமாயின் விலக்கோலையும் அனுப்புவோம்! கடலுக்கப்பாலிருந்து வரும் ஓலை மங்களூர்க்காரரை எவ்வளவு அஞ்சச் செய்திருக்கும்? அவர்கள் பின் யிஜுவிடமும் பணத்தைக் கேட்காமல் விடவில்லை.

இந்தியாவில் அவருக்குக் காகிதம் அரிதாயிருந்தது. ஆகவே தமக்கு வந்த கடிதங்களின் வெற்றிடங்களிலேயே பின் யிஜு தம் கணக்குகளை எழுதினார்; திரும்பிச் செல்கையில் அவற்றை உடன் கொண்டுபோனார்.