நுரையீரலின் குறுகிய நினைவு

2020 நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்று முடக்கப்பட்டபோது, கல்முனைக் கரையோரத்தில் என்னிடம் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மகன், ஒருக்கா வந்து சுகமானா திரும்பவும் வருமா?" எமது ஊர்களில் அக்கேள்வியின் பாரம் பெரிது. அவ்வாண்டு ஏப்ரல் வர்த்தமானியின்படி கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கும்வரை, நோய்க்கு அஞ்சியதோடு எரியூட்டலுக்கும் மக்கள் அஞ்சினர்.

கேள்வி புதியதன்று. 1846இல் பாரோ தீவுகளில் சின்னமுத்து பரவியபோது டென்மார்க் வைத்தியர் பானும் ஒன்றைக் கவனித்தார். 1781இல் அந்நோயைக் கண்டிருந்த முதியவர்களை அது மீண்டும் தொடவில்லை. 65 ஆண்டுகள் கடந்தும் உடல் மறக்கவில்லை.

ஆனால் சுவாச நோய்கள் எல்லாம் சின்னமுத்தைப் போன்றவை அல்ல. 1918இன் இன்புளுவென்சா இலங்கையின் சனத்தொகையில் சுமார் மூன்று இலட்சம் இழப்பை ஏற்படுத்தியதாகப் பிற்கால ஆய்வொன்று மதிப்பிட்டது. அக்காலத்தில் கிருமி எதுவென்றே தெரியாது. 1933இல்தான் இலண்டன் ஆய்வாளர்கள் மனித இன்புளுவென்சா வைரசைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டே அது சுண்டெலிகளுக்குத் தொற்றவைக்கப்பட்டது. அன்றிலிருந்து நிர்ப்பீடனம் பற்றிய எமது அறிவில் பெரும்பகுதி சுண்டெலியின் கொடைதான்.

1970களில் கன்பராவில் டோஹர்ட்டியும் சிங்கர்நாகலும், வைரஸ் புகுந்த கலங்களை 'ரி' கலங்கள் எவ்வாறு இனங்காணுகின்றன என்பதைச் சுண்டெலிகளிலேயே கண்டனர். 1996இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 2001 அளவில் இன்னொன்று தெளிவாயிற்று. நோய் தணிந்த பின்னரும் ஒரு தொகுதி 'ரி' கலங்கள் குருதிக்குத் திரும்பாமல் நுரையீரலிலேயே காவல் இருக்கின்றன. வைரஸ் தன் மேலுறையை மாற்றி வந்தாலும், அதன் மாறாத உட்பகுதியை அவை அறியும். ஆனால் அக்காவல் நீடிப்பதில்லை. சுண்டெலிகளில் ஏறத்தாழ ஆறு மாதங்களில் அது மெலிந்துவிடுகிறது.

குருதியின் கதை வேறு. 1918இன் நோயை வாழ்ந்து கடந்தவர்களில் 91 முதல் 101 வயது வரையான 32 பேரின் குருதியை ஆராய்ந்தபோது, அவ்வைரசுக்கான பிறபொருளெதிரிகள் அவர்களிடம் இருந்தமை 2008இல் வெளியாயிற்று. அவர்களின் கலங்களிலிருந்து பெறப்பட்ட பிறபொருளெதிரிகள் சுண்டெலிகளையும் காத்தன. 2003இல் சார்ஸ் நோயின் வைரசை இனங்கண்ட ஹொங்கொங் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர் இலங்கையரான மலிக் பீரிஸ். அந்நோயிலிருந்து மீண்ட சிங்கப்பூர்வாசிகளிடம் 17 ஆண்டுகளின் பின்னும் 'ரி' கல நினைவு காணப்பட்டது.

ஆக, உடலுக்கு நினைவு ஒன்றல்ல. குருதியின் நினைவு நீண்டது. வாசலில் நிற்கும் நுரையீரலின் நினைவு குறுகியது. முன்னதால் நோயின் கடுமை குறையலாம். பின்னது மெலிவதால் தொற்று மீண்டும் நுழையலாம். அன்று கேட்டவர்களுக்குரிய விடை இதுவே: வரும், ஆனால் முதன்முறை போலவே வரவேண்டும் என்பதில்லை.

இது பழங்கதையும் அன்று. ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் ஹாஜிகள் பலர் இருமலோடுதான் ஊர் சேர்கின்றனர். சென்ற ஆண்டு வந்துபோன காய்ச்சலை நம்பித் தடுப்பூசியைத் தவிர்க்கும் மூத்தவர்கள், எதை உடல் மறந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.