பரவளையக் கிண்ண ஒலிவாங்கி

1929 மே 18 அன்று நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரப் பூங்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஆலனும் பீட்டர் பால் கெல்லாக்கும் காட்டுப் பறவைகளின் குரலைப் பதிவு செய்தனர். பயன்பட்டது பேசும்படக் கருவி. அறைக்குள் நடிகரின் பேச்சைப் பதிவதற்கென உருவான அக்கருவி, திறந்த வெளியில் பறவையோடு சேர்த்துக் காற்று, வண்டி, நாய்க்குரைப்பு எல்லாவற்றையும் பதிந்தது.

தீர்வு விலை கொடுத்து வாங்கியதன்று. முதல் உலகப் போரில் வானூர்திகளின் இரைச்சலைத் தொலைவிலிருந்தே கேட்கக் குழிந்த கிண்ணங்கள் பயன்பட்டன. அக்காலத்து பரவளைய அச்சுகள் கார்னெலின் இயற்பியல் துறையில் கிடந்தன. 1930களின் தொடக்கத்தில் மாணவர் பீட்டர் கீனும் மின்பொறியியல் பேராசிரியர் ட்ரூ மெக்லீனும் அவற்றைக் கொண்டு கிண்ணம் வார்த்து, அதன் குவியத்தில் ஒலிவாங்கியைப் பொருத்தினர். கிண்ணம் நோக்கிய திசையிலிருந்து வரும் ஒலி அலைகள் அதில் பட்டு ஒரே புள்ளியில் குவியும். பக்கங்களிலிருந்து வருபவை சிதறிவிடும். மின்சாரம் இல்லாமலே ஒலி பெருகுகிறது.

1935 ஏப்ரலில் ஆலன் குழுவினர் லூசியானாவின் சிங்கர் காட்டுக்குச் சென்றனர். சேற்றில் மோட்டார் வண்டி செல்லாததால் கருவிகள் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டிக்கு மாறின. கூட்டருகே முகாமிட்டு, தந்த அலகு மரங்கொத்தியின் குரலைப் பதிந்தனர். பொம்மை ஊதுகுழல் போன்ற சிறு ஒலி. பிறகு அக்காடு மரத்துக்காக வெட்டப்பட்டது. ஐயமின்றி ஏற்கப்பட்ட கடைசிப் பார்வை 1944ஆம் ஆண்டினது. 2004இல் ஆர்கன்சாவில் அப்பறவையைத் தேடத் தொடங்கியவர்களுக்கு ஒப்பிடக் கையிலிருந்த குரல் அந்த 1935ஆம் ஆண்டுப் பதிவுதான்.

கிண்ணம் மலிவாக இருந்தும் நல்ல ஒலிவாங்கி நெடுங்காலம் விலை மிக்கதாகவே இருந்தது. 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மெல்லிய நெகிழிப் படலத்தில் மின்னூட்டத்தை நிலைநிறுத்தி எலெக்ட்ரெட் ஒலிவாங்கியை உருவாக்கினர். ஓரிரு வோல்ட்டில் இயங்கும் பட்டாணி அளவு வில்லை வந்தபின், வீட்டிலேயே கருவி செய்வது எளிதாயிற்று.

இன்று செய்ய விரும்புவோர் கிண்ணத்தின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுக்க வேண்டும். விட்டம் 48 செ.மீ., ஆழம் 9 செ.மீ. எனில் குவியம் அடியிலிருந்து 16 செ.மீ. உயரத்தில் அமையும். வில்லையின் முகம் கிண்ணத்தின் அடியை நோக்க வேண்டும். வெளியே பார்க்க வைப்பதே புதியவர்கள் செய்யும் பிழை. சமையல் பாத்திரமும் ஓரளவு உதவும், ஆனால் கோள வடிவில் குவியம் கூர்மையாக அமையாது.

இதன் குறையும் அளவிலேயே இருக்கிறது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 11 செ.மீ.; கிண்ணம் அதை நன்கு குவிக்கும். 300 ஹெர்ட்சில் அலைநீளம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே சிட்டுகளின் கீச்சொலி துல்லியமாகவும், பெரிய ஆந்தையின் அலறல் மெலிந்தும் பதிவாகும். ஆந்தைக்காகப் பெரிய கிண்ணம் செய்தால் அதைத் தூக்கிச் செல்ல இன்னொருவர் வேண்டும்.