படத்தைப் பிடித்து வைத்த பெட்டி

2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது. அடுத்த ஆண்டு பிளேஸ்டேஷன் 3. இரண்டுமே எச்டி தொலைக்காட்சியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. படம் முன்பைவிடத் துல்லியமாக இருந்தது. ஆனால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் நடுவே ஒரு சுணக்கம் புகுந்திருந்தது. எல்சிடி திரை இயல்பிலேயே மந்தமானது, அதுதான் காரணம் என்று அப்போது பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி படத்தை உள்ளே நிறுத்தி வைத்துத் திருத்தக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் தாமதத்தின் வேர். அந்தத் திருத்தமெல்லாம் பார்ப்பவருக்காகச் செய்யப்பட்டது. ஆடுபவர் கணக்கிலேயே வரவில்லை.

பழைய படக்குழாய்ப் பெட்டியில் ஒரு முழுப் படத்தைச் சேமிக்க இடமே கிடையாது. வந்த சிக்னல் எப்படி ஏறி இறங்கியதோ அப்படியே எலக்ட்ரான் கற்றையின் வலுவும் ஏறி இறங்கியது. கற்றை மேலிருந்து கீழாக வரி வரியாக ஓடும். அமெரிக்க முறையில் 525 வரிகள், ஒரு வரிக்குச் சுமார் 63.5 மைக்ரோ விநாடி. சிக்னல் வந்த கணமே ஒளி. இந்த உடனடித்தன்மையை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை, விளம்பரத்தில் சொல்லி விற்கவும் இல்லை. சேமித்து வைக்க வழியில்லாத ஏழ்மைதான் வேகம் என்ற வடிவில் வெளிப்பட்டது. விளையாட்டுப் பெட்டிகளும் அதே ஏழ்மையில் பிறந்தவை. 1977இல் வந்த அட்டாரி 2600இல் இருந்த ரேம் 128 பைட்டுகள்தான். ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. அதனால் நிரல் எழுதியவர்கள் கற்றை ஒரு வரியைக் கடப்பதற்குள், 76 கடிகாரத் துடிப்புகளுக்குள், அந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்து கொடுத்தாக வேண்டும். கம்பியின் இரு முனையிலும் ஒரு படத்தை வைக்க நினைவகம் இல்லை; எனவே காத்திருப்பதற்கும் இடமில்லை.

இந்த வேகத்தை எவ்வளவு நம்பினார்கள் என்பதற்கு ஒளித்துப்பாக்கியே சாட்சி. தொலைக்காட்சியைப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று 1966இல் நான்கு பக்கக் குறிப்பு எழுதியவர் ரால்ஃப் பேர். அந்த யோசனையிலிருந்து பிறந்த ஒடிஸி என்ற விளையாட்டுப் பெட்டியை 1972இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது மேக்னவாக்ஸ். அது ஒரு தொலைக்காட்சி நிறுவனம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒடிஸிக்குத் தனியாக ஒரு துப்பாக்கியும் விற்றார்கள். நின்டெண்டோவின் வாத்து வேட்டை விளையாட்டான 'டக் ஹன்ட்' 1984இல் வந்தது. நம்மூர்க் கடைகளில் விற்ற நகல் கன்சோல்களோடு வந்த துப்பாக்கியும் அந்த வழியில் வந்ததுதான். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுக்கும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழாயின் முனையில் உள்ள உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். கட்டம் இந்த நொடித்துளியில் திரையில் இருக்கும் என்பது கேட்ரிட்ஜிலேயே எழுதப்பட்டுவிட்டது. பிளேஸ்டேஷனுக்கு நாம்கோ செய்த 'கன்கான்' இன்னும் ஒரு படி மேலே போய், வீடியோ சிக்னலையும் பார்த்து, கற்றை கடக்கும் நேரத்தைக் கொண்டே குறி விழுந்த புள்ளியைக் கணக்கிட்டது. புதிய திரைகளில் இந்தத் துப்பாக்கிகள் செயலற்றுப் போனதற்குத் தாமதம் மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. நின்டெண்டோ துப்பாக்கியின் சுற்று, படக்குழாய்க்கே உரிய வரித்துடிப்புள்ள ஒளியைத்தான் ஏற்கும். தாமதமே இல்லாத எல்சிடி இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

'எல்சிடிதான் குற்றவாளி' என்ற வாதத்தை முறிக்கும் சான்று எல்சிடி பரவுவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1990களில் ஐரோப்பாவில் 100 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிகள் விற்றன. அவையும் படக்குழாய்ப் பெட்டிகளே. விநாடிக்கு 50 முறை வரும் படத்தில் தெரிந்த மினுமினுப்பைப் போக்க, வந்ததை டிஜிட்டல் நினைவகத்தில் ஏற்றி இரு மடங்கு வேகத்தில் காட்டின. படம் கண்ணுக்கு இதமாகியது. ஒளித்துப்பாக்கிகள் அவற்றில் வேலை செய்யவில்லை. கண்ணாடிக் குழாய் அப்படியே இருந்தது. நடுவில் நினைவகம் வந்திருந்தது, அவ்வளவே.

எச்டி காலத்தில் அந்த நடுவேலை பெருகியது. எல்சிடியிலும் பிளாஸ்மாவிலும் பிக்சல் எண்ணிக்கை மாறாதது. எந்த அளவில் படம் வந்தாலும் அதை அந்தக் கட்டத்துக்குள் நீட்டியாக வேண்டும். ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரும் பழைய சிக்னலை முழுப் படமாகத் தைக்க, ஒரு பாதியாவது காத்திருக்க வேண்டும். இதில் ஒரு கேலிக்கூத்தும் உண்டு. பழைய கன்சோல்கள் பல அனுப்பிய 240 வரிப் படத்தில் தைக்க எதுவுமே இல்லை. ஆனால் பல எச்டி பெட்டிகள் அதையும் பாதிப் படமென்று எண்ணித் தைத்தன. பிறகு வந்தது அசைவை மென்மையாக்கும் வசதி: இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத ஒன்றைக் கற்பனை செய்து செருகுவது. நடுப்படத்தை வரைய அடுத்த படம் கையில் இருந்தாக வேண்டும். ஆகவே எவ்வளவு வேகமான சிப் வந்தாலும் ஒரு படம் பின்தங்கியே தீரும்.

இந்தத் தாமதம் தயாரிப்பாளர்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2006இல் வெளியான எச்டிஎம்ஐ 1.3 விதிமுறையில் உதட்டசைவையும் ஒலியையும் தானாகப் பொருத்தும் ஏற்பாடு இருந்தது. படத்தைக் காட்டத் தனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தொலைக்காட்சி கம்பி வழியே அறிவிக்கும். ஒலிக் கருவி அதே அளவு ஒலியை நிறுத்தி வைக்கும். படம் பார்ப்பவருக்கு இது போதும். இரண்டும் சேர்ந்து பிந்தினால் பிந்தியதே தெரியாது. ஒலியை நிறுத்தி வைக்கலாம், ஆடுபவரின் கட்டைவிரலை நிறுத்தி வைக்க முடியாது. அன்றைய விளம்பரத் தாள்களும் இதையே காட்டுகின்றன. பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரத்தை 8 மில்லி விநாடி, 5 மில்லி விநாடி என்று பெருமையாக அச்சிட்டவர்கள், சிக்னல் உள்ளே வந்து வெளியே போக எடுக்கும் நேரத்தை அச்சிடவில்லை. முதலாவது படத்தின் மங்கலைக் குறிக்கிறது, இரண்டாவது கையின் தாமதத்தைக் குறிக்கிறது. ஒன்றை மற்றதாக நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். அதே வகை எல்சிடி பலகைகளைக் கொண்ட கணினித் திரைகளில் இந்தப் புகார் மிகக் குறைவு. அங்கே சிக்னலைத் திருத்த யாரும் அவ்வளவு மெனக்கெடவில்லை.

ஐம்பது மில்லி விநாடியை மனிதன் உணரவா போகிறான், அவன் எதிர்வினைக்கே இருநூறு ஆகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எதிர்பாராததற்குத் திடுக்கிட்டு எழும் வேகத்தை வைத்து இதை அளப்பது தவறு. மிருதங்கக்காரர் தட்டியது தன் காதில் பிந்தி விழுந்தால் தாளம் குலையும். அவர் எதற்கும் எதிர்வினை ஆற்றவில்லை, முன்கூட்டியே கணித்து வாசிக்கிறார். இசை விளையாட்டுகளில் இது அம்பலமானதில் வியப்பில்லை. 2007இல் வந்த 'ராக் பேண்ட்' விளையாட்டில் தாமதத்தை அளந்து ஈடுசெய்யும் அமைப்பு இருந்தது; 2008இல் வந்த இரண்டாம் பாகத்தின் கித்தாரில் திரையை நோக்கும் ஒளியுணரியும் ஒலிவாங்கியுமே பொருத்திவிட்டார்கள். ஆனால் இந்த மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. பாட்டில் அடுத்த சுரம் எதுவென்று விளையாட்டுக்கு முன்பே தெரியும், ஆகவே படத்தை முன்தள்ளிக் காட்ட முடிகிறது. சண்டை விளையாட்டில் எதிராளியின் அடுத்த அடி யாருக்கும் தெரியாது. 2001இல் வந்த 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே'யின் போட்டிகளுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் கனத்த படக்குழாய்ப் பெட்டிகளைச் சுமந்து வந்தது வெறும் பழமைப் பித்து அல்ல.

விளையாட்டே தன் பங்குக்குத் தாமதிக்கிறதே என்ற மறுப்பில் உண்மை உண்டு. விநாடிக்கு 30 படம் காட்டும் பல விளையாட்டுகள், தொலைக்காட்சியின் பங்கு சேர்வதற்கு முன்பே 100 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். ஆனால் அந்தத் தாமதத்தை விளையாட்டைச் செய்தவர் அறிவார், தாவும் தூரத்தையும் அடி விழும் நேரத்தையும் அதற்கேற்ப அமைப்பார். வாங்குபவர் வீட்டில் எந்தத் தொலைக்காட்சி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தீர்வாகத் தொலைக்காட்சிகளில் வந்த 'கேம் மோட்' புதிதாக எதையும் சேர்க்கவில்லை; திருத்த வேலைகளில் பலவற்றை நிறுத்துகிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் தாமதம் குறைகிறது என்பதே, அது திரையின் பிறவிக்குணம் அல்ல என்பதற்குச் சான்று. 2017 நவம்பரில் வெளியான எச்டிஎம்ஐ 2.1 அந்த விசையைக் கன்சோலிடமே கொடுத்தது. 1.3இல் தொலைக்காட்சி தான் எவ்வளவு பிந்துவேன் என்று அறிவித்தது, மற்ற கருவிகள் அனுசரித்தன. இங்கே கன்சோல் 'ஆட்டம் நடக்கிறது' என்கிறது, தொலைக்காட்சி அனுசரிக்கிறது. 2018இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அந்தச் செய்தியை அனுப்பத் தொடங்கியது. அதற்கு முந்தைய கன்சோல்களால் அதை அனுப்ப முடியாது. அவற்றை வைத்திருப்பவர்கள் ரிமோட்டை எடுத்து, மெனுவுக்குள் மெனுவாகத் தேடித்தான் கேம் மோடைப் போட வேண்டும்.