டெல்லி காவல்துறையும் ஒன்றிய அரசும்

டெல்லி காவல்துறை இந்தியத் தலைநகரின் சட்டம் ஒழுங்கையும் குற்றத் தடுப்பையும் கவனிக்கும் படை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி காவல்துறை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. டெல்லியில், சட்டமன்றமும் முதலமைச்சரும் இருந்தும், அது ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. காவல் ஆணையர் துணைநிலை ஆளுநர் வழியாக அந்த அமைச்சகத்துக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

கொத்தவால் காலம்

தலைநகரக் காவலை ஆட்சியாளரே நேரில் வைத்திருக்கும் வழக்கம் டெல்லி சுல்தான்கள் காலத்திலிருந்து வருவது. 1237இல் கொத்தவாலாக, அதாவது நகரக் காவல் அதிகாரியாக, அமர்ந்த மாலிக்குல் உமரா ஃபக்ருதீன் டெல்லியின் முதல் கொத்தவால் என்று காவல்துறையின் வரலாறு குறிப்பிடுகிறது. சென்னையின் கொத்தவால் சாவடி வழியாகத் தமிழர்க்கு அறிமுகமான பதவி இதுவே.

அக்பர் காலத்து நிர்வாகத்தை விவரிக்கும் அபுல் ஃபசலின் 'அயினி அக்பரி' கொத்தவாலின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. வீடுகளையும் குடியிருப்போரையும் பதிவேட்டில் ஏற்றுவது, இரவுக் காவல் வைப்பது, ஊருக்குள் வருவோர் போவோரை ஒற்றர் மூலம் அறிவது, எடைக்கற்களையும் விலைவாசியையும் கண்காணிப்பது, களவு போன பொருளை மீட்பது ஆகியவை அவற்றுள் சில. நகராட்சி, சந்தை, காவல் மூன்றும் ஒருவரிடம் குவிந்திருந்தன. அவரை அமர்த்துவதும் நீக்குவதும் அரசரின் விருப்பம். நகரத்தார்க்கு அதில் இடமில்லை. ஷாஜகான் எழுப்பிய ஷாஜகானாபாத்தில் சாந்தினி சௌக்கில் இருந்த கொத்தவாலி பின்னர் ஆங்கிலேயர் காலத்திலும் நகரின் தலைமைக் காவல் நிலையமாக நீடித்தது. 1857 கிளர்ச்சியோடு இப்பதவி மறைந்தது. கடைசிக் கொத்தவாலாகக் கருதப்படும் கங்காதர் நேரு, மோதிலால் நேருவின் தந்தை.

முகலாயப் பேரரசு தலைநகருக்கு வெளியிலும் முக்கியமான கோட்டைகளை மாகாண ஆட்சியாளரிடம் விட்டுவைக்காமல் தானே அமர்த்திய கில்லேதார்கள் என்னும் கோட்டைத் தலைவர்களிடம் ஒப்படைத்தது. தமிழகத்தில் இதற்குச் செஞ்சி நல்ல சான்று. மராட்டிய அரசர் ராஜாராம் தங்கியிருந்த செஞ்சிக் கோட்டையை நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் சுல்ஃபிகர் கான் கைப்பற்றினார். பின்னர் புந்தேல இராஜபுத்திரரான சுரூப் சிங் அங்கே கில்லேதாரானார். அவர் இறந்தபின் பதவி தனக்கே உரியது என்று நின்ற மகன் தேஜ் சிங், நிலுவை கேட்ட ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு 1714இல் பொருது மடிந்தார். நாட்டுப்புறக் கதைப்பாடலின் தேசிங்குராஜன் இவரே. நடுவரசு நேரில் அமர்த்திய அதிகாரிக்கும் அந்த நிலப்பகுதியை ஆண்டவர்க்கும் இடையே எழுந்த பூசலாகவும் இப்போரைக் காணலாம்.

இதற்கு மாறான மரபும் தெற்கில் இருந்தது. ஊர்தோறும் தலையாரிகளும் காவல் உரிமை பெற்ற பாளையக்காரரும் காவல் செய்து, அதற்கு ஊராரிடமே மானியமோ வரியோ பெற்றனர். கிழக்கிந்தியக் கும்பினியாரின் தொடக்க காலச் சென்னையில் காவல் தலைவரான பெத்த நாயக்கர் தம் தலையாரிகளைக் கொண்டு நகரைக் காத்தார். களவு போன பொருள் கிடைக்காவிட்டால் ஈடு கொடுக்கும் பொறுப்பும் அவர்மேல் இருந்தது. காவல் செய்பவர் காக்கப்படுபவர்க்குக் கடன்பட்டவர் என்னும் இந்த ஏற்பாடு டெல்லிக் கொத்தவாலி மரபில் காணப்படுவதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சி

1858இல் டெல்லி பஞ்சாபோடு இணைக்கப்பட்டது. 1861இன் காவல் சட்டத்துக்குப் பின் டெல்லிக் காவலும் பஞ்சாப் காவல்துறையின் ஒரு பிரிவானது. 1911 டிசம்பர் 12 அன்று டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து மாறுவதாக அறிவித்தார். 1912 அக்டோபரில் டெல்லி தனி மாகாணமாகித் தலைமை ஆணையரின் கீழ் வந்தது; காவல் தலைவரின் அதிகாரமும் அவருக்கே தரப்பட்டது. மாவட்டக் காவலை அம்பாலாவிலிருந்த துணைத்தலைவர் மேற்பார்த்தார்.

அந்நாளைய படை சிறியது. 2 ஆய்வாளர்கள், 27 உதவி ஆய்வாளர்கள், 110 தலைமைக் காவலர்கள், 985 காவலர்கள், 28 குதிரைவீரர்கள் ஆகியோரே அதில் இருந்தனர். நகருக்குள் கொத்தவாலி, சப்ஜி மண்டி, பகார்கஞ்ச் என்னும் மூன்று பெரிய காவல் நிலையங்கள் இருந்தன.

சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கு 1856இன் சட்டத்தாலேயே காவல் ஆணையர் கிடைத்தார். பேரரசின் தலைநகரான டெல்லிக்கு அம்முறை 1978 வரை வரவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதியில் பிறந்த டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் (1946) நகர எல்லையைக் கடந்து வளர்ந்தது. 1963 ஏப்ரல் 1 அன்று தோன்றிய மத்தியப் புலனாய்வுப் பிரிவான சிபிஐ இச்சட்டத்தின் பலத்திலேயே இயங்குகிறது. மாநிலங்களில் விசாரிக்க இச்சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி மாநில அரசின் இசைவு வேண்டும். தமிழ்நாடு தன் பொது இசைவை 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. ஒன்றிய ஆட்சிப்பகுதியான டெல்லிக்கு அவ்வுரிமை இல்லை.

விடுதலைக்குப் பின்

பிரிவினையால் வந்த அகதிகளால் டெல்லியின் மக்கள்தொகை 1941இல் இருந்த சுமார் 9 லட்சத்திலிருந்து 1951இல் 17 லட்சத்தைத் தாண்டியது. 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தும் பத்து நாள் கழித்து அங்கேயே காந்தி கொல்லப்பட்டது காவலின் பலவீனத்தை வெளிக்காட்டியது. பிப்ரவரி 16 அன்று டெல்லி காவல்துறை தனித் தலைவரின் கீழ் திருத்தியமைக்கப்பட்டது. அந்நாளே அதன் நிறுவன நாளாகக் கொண்டாடப்படுகிறது. படை சுமார் 8,000 பேராக உயர்ந்தது.

1952இல் டெல்லிக்குச் சட்டமன்றம் வந்தது. சௌத்ரி பிரம்ம பிரகாஷ் முதலமைச்சரானார். ஆனால் 1951இன் சட்டம் காவல், பொது ஒழுங்கு, நிலம் ஆகியவற்றைச் சட்டமன்றத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் அச்சட்டமன்றமும் போய் டெல்லி ஒன்றிய ஆட்சிப்பகுதியானது. நீதிபதி ஜி. டி. கோஸ்லா தலைமையில் 1966இல் அமைந்த டெல்லி காவல் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டிப் படை மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. டெல்லி காவல் சட்டத்தோடு 1978 ஜூலை 1 முதல் ஆணையர் முறை நடைமுறைக்கு வந்தது. மாவட்ட நிர்வாக நடுவரிடம் இருந்த தடையாணை போன்ற அதிகாரங்கள் ஆணையரிடம் சேர்ந்தன.

1984 நவம்பரில் சீக்கியருக்கு எதிரான வன்முறையில் அரசுக் கணக்குப்படி டெல்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டனர். காவல் அதிகாரிகளின் நடத்தையை ஆராய்ந்த கபூர்–மித்தல் குழு 72 பேர்மீது குறை கண்டது. அப்போது டெல்லியில் மாநில அரசு என்று ஒன்று இல்லை. முழுப் பொறுப்பும் ஒன்றிய அரசுடையது. இருந்தும் அடுத்து வந்த மாற்றங்கள் படையைப் பெருக்கினவே தவிர, அதை நகர மக்களுக்குப் பதில் சொல்ல வைக்கவில்லை.

239ஏஏ பிரிவு

டெல்லியின் நிர்வாக அமைப்பை ஆராய்ந்த பாலகிருஷ்ணன் குழு 1989இல் டெல்லிக்குச் சட்டமன்றம் தேவை என்றது. காவலை ஒன்றியத்திடமே விடச் சொன்னது. 69ஆம் அரசமைப்புத் திருத்தம் (1991) அதை 239ஏஏ பிரிவாக்கியது. மாநிலப் பட்டியலின் 1, 2, 18ஆம் பதிவுகளான பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகியவை டெல்லிச் சட்டமன்றத்துக்கு விலக்கப்பட்டன. புதுச்சேரியும் ஒன்றிய ஆட்சிப்பகுதிதான். ஆனால் 1963இன் சட்டப்படி அதன் சட்டமன்றம் மாநிலப் பட்டியல் முழுவதிலும் சட்டம் இயற்றலாம். செஞ்சிக்கு அருகே உள்ள அச்சிறு பகுதிக்கு இருக்கும் உரிமை கோடிக்கணக்கானோர் வாழும் தலைநகருக்கு இல்லை.

நாடாளுமன்றம், தூதரகங்கள், ஒன்றியத் தலைவர்கள் ஆகியோரின் பாதுகாப்பு இந்த விலக்குக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. சங்கிலிப் பறிப்பு, வாகனத் திருட்டு போன்ற அன்றாடக் குற்றங்களுக்கு இக்காரணம் பொருந்தாது. முழு மாநில அந்தஸ்துக்காக 2003இல் கொண்டுவரப்பட்ட மசோதா காலாவதியானது. 2014 ஜனவரியில் காவல் அதிகாரிகள்மீது நடவடிக்கை கோரி முதலமைச்சர் அரவிந்த் கேஜ்ரிவாலே ரயில் பவன் அருகே தர்ணா இருக்க நேர்ந்தது, பொறுப்பு ஓரிடத்திலும் அதிகாரம் வேறோரிடத்திலும் இருப்பதன் விளைவு. உச்ச நீதிமன்றம் 2018, 2023 தீர்ப்புகளில் பிற துறைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் உரிமையை உறுதிசெய்தபோதும், விலக்கப்பட்ட மூன்றையும் தொடவில்லை.

ஒன்றியப் படைகள்

காவல்துறையோடு பிற ஒன்றியப் படைகளும் தலைநகரில் பெருகியுள்ளன. மத்திய ரிசர்வ் காவல் படையும் அதன் பகுதியாக 1992இல் தோன்றிய விரைவு அதிரடிப் படையும் கலவரக் காலங்களில் இறக்கப்படுகின்றன. டெல்லி மெட்ரோவை 2007 முதல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காக்கிறது. 2024இல் நாடாளுமன்றக் காவலும் அதனிடம் வந்தது. திகார் சிறை வளாகக் காவலில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கும் பங்குண்டு.

பிற தலைநகரங்கள்

லண்டன் பெருநகரக் காவல் 1829இல் தொடங்கியது முதல் உள்துறை அமைச்சரின் கீழ் இருந்து, 2000இல் நகர நிர்வாகத்தின் மேற்பார்வைக்கு வந்தது. கான்பராவில் ஆஸ்திரேலியக் கூட்டரசுக் காவலே ஒப்பந்த அடிப்படையில் நகரையும் காக்கிறது. வாஷிங்டனில் காவல் மேயரிடம் இருந்தாலும், 1973இன் உள்ளாட்சிச் சட்டத்தின் 740ஆம் பிரிவு அவசர காலத்தில் அதன் சேவையைக் கோர அதிபருக்கு இடமளிக்கிறது. குற்றம் பெருகியதாகக் கூறி டொனால்ட் டிரம்ப் 2025 ஆகஸ்ட் 11 அன்று அப்பிரிவைப் பயன்படுத்தினார்; தேசியக் காவற்படையையும் இறக்கினார். நாடாளுமன்றம் நீட்டிக்காவிட்டால் அவ்வதிகாரம் 30 நாளில் முடியும். டெல்லியில் அத்தகைய கால வரம்பு எதுவும் இல்லை.

இன்றைய நிலை

டெல்லி காவல்துறை இன்று 15 காவல் மாவட்டங்களில் 80,000க்கும் மேற்பட்ட பணியிடங்களோடு இயங்குகிறது. தலைமையகம் 2019 முதல் ஜெய்சிங் சாலையில் உள்ளது. பதிவாகும் வழக்குகளில் திருட்டே மிகுதி. வாகனத் திருட்டுக்கு இணையவழிப் புகார் வசதி 2015இல் வந்தது.