சத்திரமும் சங்கமும்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், இராசிபுரத்தைத் தாண்டியதும் வருகிறது புதுச்சத்திரம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே இரயில் நிலையத்தோடு விளங்கும் புதுச்சத்திரம் வேறு. நாம் குறிப்பது, லாரிகளும் முட்டை வண்டிகளும் இரவு பகல் பாராது ஓடும் சாலையோரத்து ஊரை. 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் அடங்கிய ஊரை. அதன் பெயரே ஒரு வரலாற்றைச் சொல்லுகிறது. வழிநடந்து வந்தவன் கால் ஆற, வயிறு ஆற, யாரோ எழுப்பிய கட்டடத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. சோறு வடித்த அடுப்பு அணைந்து போகும், ஓடு சரியும், பெயர் நிற்கும். ஒட்டன்சத்திரமும் அப்படி நின்ற பெயர்தான்.

சத்திரம் கட்டியவர்கள் புண்ணியம் தேடினார்கள். அதற்காக அவர்களை இகழ வேண்டியதில்லை. பசித்தவன் வயிறு, போட்டவன் நோக்கம் புண்ணியமா புகழா என்று விசாரித்துக்கொண்டு நிறைவதில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1802-ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரத்தில் சோறு மட்டுமா கிடைத்தது? பள்ளி நடந்தது, பயிலும் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. இளைஞர் கல்விக்கு ஊரார் அறம் உதவ வேண்டும் என்ற எண்ணம் நமக்கு மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததன்று. இங்கேயே இருந்தது.

ஆனால் அதனோடு இன்னொன்றும் இங்கேயே இருந்தது. எந்தப் பந்தி, எந்தத் திண்ணை, எந்தப் பானை என்பதைப் பல சத்திரங்களில் பசி முடிவு செய்யவில்லை. பிறப்பு முடிவு செய்தது. நீராவி வண்டி வந்த பிறகும் அது மாறவில்லை. ஒரே பெட்டியில் நெருக்கியடித்து வந்தவர்கள், இரயில் நிலையத்து உணவுச்சாலையில் இறங்கியதும் பார்ப்பனர் ஒருபுறம், ஏனையோர் ஒருபுறம் என்று பிரிந்து உண்ணவேண்டியிருந்தது. அந்தப் பிரிவினை ஒழிந்தது 1941-இல், கிளர்ச்சிக்குப் பிறகு.

இந்த நிலையில், சிற்றூரில் பள்ளிப்படிப்பு முடித்த ஓர் இளைஞன் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னைக்கு வந்தால் எங்கே தங்குவான்? இன்று எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி, நூறாண்டுகளுக்கு முன்னே பல பிள்ளைகளின் படிப்பையே பாதியில் நிறுத்திய கேள்வி. கல்லூரி இடம் கொடுத்தது. மதிப்பெண் இருந்தது. தலை சாய்க்க இடம் இல்லை. சாதி கேட்காமல் சோறு போடும் விடுதி இல்லை.

இதைக் கண்டவர் டாக்டர் சி. நடேச முதலியார். திருவல்லிக்கேணி மருத்துவர். 1912-ஆம் ஆண்டில் அரசு ஊழியர் சிலர் கூடிச் சென்னை ஐக்கியக் கழகம் என ஒன்றைத் தொடங்கியபோது, அதற்குத் துணையாய் நின்று, தம் வீட்டுத் தோட்டத்தையே கூட்டம் நடத்த ஒதுக்கிக் கொடுத்தவர். அதே ஆண்டில் அது திராவிடர் சங்கம் எனப் பெயர் மாறிற்று. அச்சங்கத்தார் முதியோர்க்கு மாலை வகுப்பு நடத்தினர். பட்டம் பெற்ற இளைஞரை வரவேற்றுப் பாராட்டினர். 1916-இல் திருவல்லிக்கேணியில் மாணவர்க்காகத் ‘திராவிடர் இல்லம்’ என்ற விடுதியை நடேசனார் திறந்தார். பிற்காலத்தில் இந்திய அரசின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியாரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான டி. எம். நாராயணசாமிப் பிள்ளையும் அந்த இல்லத்தில் தங்கிப் பயின்றவர்கள். ஒரு படுக்கை, இரு வேளைச் சோறு, படிக்க ஒரு விளக்கு — இவை இருந்தால் நாட்டுப்புறத்துப் பிள்ளை எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு வேறு சான்று தேவையா? அதே 1916-இல்தான் சிதம்பரத்தில் சுவாமி சகசானந்தர், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காக நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோயில் வாயிலில் தடுக்கப்பட்டவர் பெயரைப் பள்ளி வாயிலில் எழுதிவைத்தார்!

பொதுப்பணத்தில் இளைஞரைப் பேணும்போது எங்கே சறுக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே பாடம் உண்டு. அது சேரன்மாதேவிப் பாடம்.

வ. வே. சு. ஐயர் 1922-இல் தொடங்கிய குருகுலம் அது. நாட்டுப்பற்று, உடற்பயிற்சி, தாய்மொழிக் கல்வி என்று உயர்ந்த குறிக்கோள்கள். தமிழ்நாடு காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, ஐயாயிரத்தை முதலில் தந்தது. செட்டிநாட்டார் கொடுத்தனர், கடல் கடந்த மலேயாவில் உழைத்துச் சேர்த்த தமிழர் கொடுத்தனர். பணம் கொடுத்த கைகளில் பெரும்பாலானவை எந்தப் பிறப்பினருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் நடந்த இடத்தில், பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்காரவில்லை! பின்னாளில் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே பயின்றான். பார்ப்பனப் பிள்ளைகளுக்கென்று வைத்த தண்ணீரைக் குடித்ததற்காக அவன் தண்டிக்கப்பட்டான் என்று அக்கால வரலாறு எழுதியோர் கூறுவர். சிறுவன் வாய் திறந்தான். செய்தி நாடெங்கும் பரவிற்று.

ஐயர் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு சிறுவரின் பெற்றோர்க்குத் தாம் கொடுத்த வாக்கினால்தான் அவர்களைத் தனியே உண்ண விட்டதாக அவர் விளக்கினார். அவர் கொடியவர் அல்லர். நாட்டுக்காக அயல்நாடுகளில் அலைந்து துன்புற்றவர். ஆயினும் இரண்டு பெற்றோரின் ஆசாரத்துக்குக் கொடுத்த மதிப்பை, மற்றப் பிள்ளைகளின் மானத்துக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு அவ்விளக்கத்தில் விடை இல்லை. அந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர்களுள் முன்னின்றவர் டாக்டர் பி. வரதராசுலு நாயுடு. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்து ஊரான இராசிபுரத்தில் பிறந்தவர். ‘தமிழ்நாடு’ இதழின் ஆசிரியர். பெரியாரும் எஸ். இராமநாதனும் உடன் நின்றனர். தேசியப் பணியில் ஈடுபட்ட நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்ற தீர்மானம் 1925-இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவில் நிறைவேறிற்று. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு சூன் 3-ஆம் நாள் பாபநாசம் அருவியில், நீரில் விழுந்த மகளைக் காக்கப் பாய்ந்து உயிர்நீத்தார். துயரமான முடிவு. அந்தத் துயரத்தைக் காட்டி, சிறுவனின் தாகத்தை மறைத்துவிட முடியாது.

இங்கே இவ்வாறு பந்திச் சண்டை நடந்த காலத்தில், உலகின் மறுகோடியில் தோன்றிய வேறுவகைச் சங்கம் ஒன்று நம் நாட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. 1905 பிப்ரவரி 23-இல் சிகாகோ நகரில் நால்வர் கூடினர். வழக்குரைஞர் பால் ஆரிசு, நிலக்கரி வணிகர் ஒருவர், சுரங்கப் பொறியாளர் ஒருவர், தையல் தொழில் நடத்தியவர் ஒருவர். முறைவைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் கூடியதால் அதற்கு ரோட்டரி எனப் பெயர் வந்தது. நாம் சுழற்சங்கம் என்கிறோம். தொடக்கத்தில் அது தொழிலாளுக்குத் தொழிலாள் உதவிக்கொள்ளும் நட்புக் கூட்டமே. பொதுநலத்துக்கென்று அவர்கள் முதலில் எடுத்த பெரும்பணி என்ன தெரியுமா? சிகாகோவில் பொதுக் கழிப்பிடம் அமைக்கச் செய்தது! மாலையும் மேடையும் தேடுவோர்க்கு இது உவப்பான செய்தியாக இராது. பள்ளிகளில் கழிப்பறை இல்லாமையால் படிப்பை நிறுத்திய நம் பெண்பிள்ளைகளுக்கு அதன் அருமை விளங்கும்.

அச்சங்கம் 1920-இல் கல்கத்தாவிலும் 1929-இல் சென்னையிலும் கால் ஊன்றிற்று. அரிமா சங்கம் 1917-இல் அமெரிக்காவில் தோன்றி, 1956-இல் பம்பாய் வழியே இந்தியாவுக்கு வந்தது. கண் மருத்துவ முகாம் என்றால் நம் ஊரார்க்கு அதன் பெயர்தான் நினைவுக்கு வரும். இந்தச் சங்கங்களில் தொழில் கேட்டார்கள், சாதி கேட்கவில்லை. நம் நாட்டில் இது சிறு செய்தி அன்று. ஆனால் இன்னொன்றைக் கேட்டார்கள்: ஆணா, பெண்ணா? உலகுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய ரோட்டரி, பெண்களை உறுப்பினராக ஏற்க 84 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. கலிபோர்னியாவின் துவார்த்தே ஊர்ச் சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக விலக்கப்பட்டு, வழக்காடி, 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அதன் பிறகே, 1989-இல், விதி மாறிற்று. பந்தி பிரிப்பதில் நாம் மட்டும் வல்லவர் என்று எண்ண வேண்டாம்!

இளைஞரைப் பொறுத்தவரை இச்சங்கங்களின் வரலாற்றில் திருப்பம் 1962-இல் நேர்ந்தது. பள்ளி மாணவர் தாமே தலைவரைத் தேர்ந்து, தாமே திட்டமிட்டு, தாமே தொண்டாற்றும் ‘இன்டராக்ட்’ சங்கம் அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மெல்போர்ன் நகரப் பள்ளியொன்றில் 23 மாணவரோடு தொடங்கிற்று. இரண்டாவது சங்கம் எங்கே தோன்றியது? இலண்டனிலா, பாரிசிலா? இல்லை. ஆறாண்டு முன்புவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த தலைச்சேரியில்! அவ்வாண்டு உலக ரோட்டரியின் தலைவராய் அமர்ந்திருந்தவரும் ஆசியாவிலிருந்து அப்பொறுப்புக்கு முதன்முதல் வந்தவரான கல்கத்தாவின் நிதீசு இலகரிதான். 1968-இல் கல்லூரி வயதினர்க்கு ‘ரோட்டராக்ட்’ வந்தது. அடுத்த ஆண்டில், காந்தியார் நூற்றாண்டையொட்டி, இந்திய அரசு 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிற்று. பெறுபவனாக மட்டுமே எண்ணப்பட்ட இளைஞன், மண்வெட்டி பிடித்துக் கொடுப்பவன் ஆனான்.

பெயர்ப்பலகை இல்லாத சங்கம் ஒன்றும் நம் ஊர்களில் இருந்தது. அதைச் சொல்லாமல் இக்கதை நிறையாது. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-இல், ஆயிரம்விளக்குப் பள்ளியில் மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் உணவு தரத் தீர்மானித்தார்கள். பின்னர் ஆங்கில அரசின் கணக்குத் தடையால் அது நின்றது. காமராசர் ஆட்சியில் அது மறுபிறவி எடுத்தபோது ஊரார் கையால் எடுத்தது. அரசு உதவி 1957 நவம்பரில் வந்தது. ஒரு குழந்தையின் ஒரு வேளைக்குப் பத்துக் காசு. அதில் அரசின் பங்கு ஆறு, ஊரின் பங்கு நான்கு. அந்த நான்கு காசுக்காக ஊர்தோறும் குழு அமைந்தது. ஒருவர் அரிசி தந்தார், ஒருவர் விறகு, ஒருவர் காய். கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், மக்கள் நிலமும் கட்டடமும் பலகையும் மணியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தப் பந்தியில் பிள்ளைகள் ஒன்றாய் உட்கார்ந்தார்கள். எங்கும் எதிர்ப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சட்டமும் அரசும் ஒரே பந்தியின் பக்கம் நின்றன. சேரன்மாதேவியில் கிடைக்காத துணை அது.

1982-இல் அத்திட்டம் சத்துணவாக விரிந்தது. 1989-இல் முட்டை சேர்ந்தது, முதலில் இரு வாரத்துக்கு ஒன்றாக. புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்துக் கோழிப்பண்ணைக்காரர்க்கு அந்த முட்டையின் கணக்கு நன்றாகத் தெரியும். தட்டில் முட்டையை வாங்கும் சிறுமி யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்தவர் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அது அவளுக்கு உரியது.

அரசு சோறு போடுகிறது, பிறகு சங்கங்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை நிறைய இருக்கிறது. 1985-இல் ரோட்டரி இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கப் புறப்பட்டது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 சனவரியில் ஔராவில் கண்டறியப்பட்டாள். 2014 மார்ச்சு 27-இல் தென்கிழக்கு ஆசியப் பகுதியே அந்நோயற்றது என்று சான்று கிடைத்தது. சொட்டு மருந்து ஊற்றிய தொண்டர்கள் குடிசையையும் மாடியையும் ஒன்றாகவே எண்ணினார்கள். ஒரு வீட்டை விட்டாலும் நோய் மீளும் என்பதால் அப்படி எண்ணியே ஆகவேண்டியிருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் பிள்ளைக்கு, எந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பது, எந்த உதவித்தொகை எப்போது முடிகிறது, நேர்காணலில் எப்படிப் பேசுவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ஊரிலுள்ள வழக்குரைஞரும் மருத்துவரும் பொறியாளரும் பட்டறை முதலாளியும் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடுகிறார்களே, அவர்களுக்குத் தெரியாதா? நோட்டுப் புத்தகத்தை விட இந்த அறிவு விலையுயர்ந்தது. காசு குறைவாகவும் ஆகும். மேடையில் சிறுவனை நிறுத்தி, அவன் கையிலுள்ள ஐம்பது ரூபாய்ப் பொருளை ஏழு பெரியவர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு ஆகும் செலவு, பல இடங்களில் அந்தப் பொருளின் விலையை மிஞ்சிவிடுகிறது. தண்ணீர்ப்பானையைப் பிரித்துவைத்த காலம் போயிற்று என்று மகிழும் நாம், இந்தப் படத்தில் அந்தச் சிறுவனின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

2019-ஆம் ஆண்டில் ரோட்டரி தன் விதிகளை மறுபடி திருத்திற்று. அதுவரை ‘திட்டம்’ என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருந்த ரோட்டராக்ட் இளைஞர், உறுப்பினர் வரிசையில் ஏறினர். ஏட்டில் நடந்த இம்மாற்றம் நாமக்கல்லுக்கும் இராசிபுரத்துக்கும் வந்து சேர்ந்திருக்கும். புதுச்சத்திரத்துக்கு? ஒவ்வோராண்டும் சூலை முதல் நாள் ரோட்டரியின் புதிய ஆண்டு பிறக்கிறது. புதிய தலைவர் பொறுப்பேற்கிறார். ஆண்டுத் திட்டம் வரையப்படுகிறது. அந்தக் கூட்டத்தில் அரசுப் பள்ளியில் பயிலும் சாலையோரத்து ஊர்ப் பெண் ஒருத்தி நாற்காலியில் அமர்ந்து, எங்கள் பள்ளிக்கு முதலில் வேண்டியது இது என்று சொல்ல இடம் இருக்கிறதா? அல்லது வாசலில், பெயர் கூப்பிடும் வரை, வரிசையில்தான் நிற்கிறாளா?